மரக்கடை வளைவு

ஜூன் 3, திங்கள்

என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு உடம்பை அசைக்கிறேன், எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். வாளிக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது. எடுத்தாயிற்று.

காலை மூன்று இட்லி. சட்னியை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். சைக்கிள், அயனாவரம் வீட்டிலிருந்து பாரிமுனையில் என் வாளிக் கடை வரை ஏழு கிலோமீட்டர். ஐம்பது நிமிடம். பதினெட்டு வயதில் இதே பாரிமுனையில் சைக்கிளில் பிளாஸ்டிக் மக்கும் குடமும் கட்டி விற்றவன் நான். அதனால் சைக்கிள் புதிதில்லை என்று நினைத்தேன். ஓட்டேரி தாண்டுவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது. முப்பத்தாறு வருடத்தில் நானும் வேறு, ஊரும் வேறு.

கார் வீட்டில்தான் நிற்கிறது. ஓட்ட ஆளில்லை. பிப்ரவரி விபத்துக்குப் பிறகு டிரைவர் தணிகாசலத்தின் லைசென்ஸைப் போலீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜூலை 24 அவனுக்குக் கோர்ட். அதுவரை குடோனில் சரக்குப் பார்க்கிறான். வேறு டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்கிறாள் என் மனைவி ஜெயக்கனி. இருபத்திரண்டு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனை உட்கார வைத்துவிட்டு அவன் கண்முன்னே இன்னொருவனை ஏற்ற எனக்கு மனமில்லை. நான் ஓட்டலாம் என்றால் என் லைசென்ஸ் முடிந்து மூன்று வருடம். புதுப்பிக்கவில்லை.

ஆகவே சைக்கிள். உடம்புக்கும் நல்லது.

ஜூன் 4, செவ்வாய்

தொடை இரண்டும் என்னுடையவை இல்லை.

ஜூன் 6, வியாழன்

மார்க்கெட்டில் பரவிவிட்டது. எதிர்க்கடை ரத்தன்லால் கையில் டீயோடு வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, கார் வித்தாச்சா?"

"விக்கல. உடம்புக்கு ஓட்டுதேன்."

"உடம்புக்குன்னா பீச்ல ஓட்டுங்க. கடைக்கு ஓட்டினா மார்க்கெட்ல வேற மாதிரி பேசுவான்."

அவர் சொன்னது சரி. மதியம் கம்பெனிக்காரன் போன். "சும்மாதான் கூப்பிட்டேன் அண்ணாச்சி, எல்லாம் நல்லாப் போகுதில்ல?" முப்பது வருடத்தில் அவன் சும்மா கூப்பிட்டதே கிடையாது.

நாலு நாளில் கற்றது. வெள்ளைச் சட்டை பையில் வரவேண்டும், உடம்பில் வரக்கூடாது. வேட்டி செயினில் மாட்டும், பேண்ட் வாங்கியாயிற்று. சிக்னலில் கோட்டில் நிற்காதே, மர நிழலில் நில். பஸ்ஸுக்கு இடது பக்கம் போகவே போகாதே. எல்லாவற்றையும்விடப் பெரியது, சைக்கிள்காரனை யாரும் பார்ப்பதில்லை. கண் நம் மேல் படும், ஆனால் பார்க்கமாட்டார்கள். கார் வைத்திருந்தபோது ஒரு சைக்கிள்காரன் முகமாவது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று யோசித்தேன். ஒன்று இருக்கிறது.

இரவு சப்பாத்தி இரண்டு.

ஜூன் 8, சனி

குடோனுக்குப் போனேன். பன்னிரண்டு வாளியை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் ஒரு கட்டு. நடுவில் விரிசல் விட்டது ஒன்று இருந்தால் வெளியே தெரியாது. சில கடைகளில் அதுவே பிழைப்பு. என் கடையில் கிடையாது. தணிகாசலம் ஒவ்வொரு கட்டையும் பிரித்து, ஒவ்வொரு வாளியையும் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி ஆள், குடோன் கூரைக்குக் குனிந்தே நிற்கிறான்.

"அவ்வளவு வேண்டாம்ப்பா. மேலயும் கீழயும் பாத்தா போதும்."

"சும்மாதான அண்ணாச்சி இருக்கேன். தட்னா சத்தத்துல தெரிஞ்சிடுது."

கையில் கார் சாவி வளையம் இருந்தது. சாவி இல்லை, வளையம் மட்டும். அதை விரலில் சுற்றிக்கொண்டே தட்டுகிறான்.

ஜூன் 14, வெள்ளி

மாங்காடு கோவிலுக்குப் போகவேண்டும் என்று ஜெயக்கனி இன்றைக்கு மட்டும் ஓட்ட ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரவழைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் கார் உறையை எடுத்து, கதவைத் திறந்து, உள்ளே காலை நுழைக்க முடியாமல் சிரித்தான்.

"சீட்டை இவ்ளோ முன்னாடி இழுத்து வச்சிக்கிறீங்களே, யார் சார் ஓட்னது? ஸ்டீரிங் நெஞ்சுல இடிக்குது!"

"வீட்டுல ஓட்டுவாங்க" என்றேன்.

ஜெயக்கனிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பூக்கூடையோடு நின்றவள் என்னைப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு கார் ஸ்டேஷனிலிருந்து லாரியில் ஏற்றித்தான் வந்தது. யாரும் அதை ஓட்டவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"நான் ஆட்டோவுல போய்க்கிடுதேன். நீங்க போங்க தம்பி" என்று அந்த ஆளை அனுப்பிவிட்டாள்.

சீட்டு அப்படியே இருக்கிறது. நானே உறையைப் போட்டேன்.

ஜூன் 20, வியாழன்

சைக்கிள் இன்று ஒன்பது கிலோமீட்டர். மரக்கடை வளைவு வழியாகப் போனால் ஏழு. மரத்தூள் மூச்சு முட்டுகிறது, அதனால் முதல் நாளிலிருந்தே சுற்றித்தான் போகிறேன். முதல் பக்கத்தில் ஏழு என்று எழுதியது தவறு.

மத்தியானம் தயிர் சாதம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சாப்பிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

சுற்று வழியில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகுமாம். வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் ரயில்வே சுவர், மறுபக்கம் ஒருவழிப் பாதை. மரக்கடை வளைவுதான்.

வளைவு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மரக்கடை வாசலில் ஒருவர், "பஞ்சரா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 26, புதன்

இன்று ஓட்டிக்கொண்டே போனேன். எத்தனை நாள் தள்ளுவது.

வளைவில் இடது ஓரத்தில் ஒரு சாக்கடை மூடி சாலையைவிட அரையடி கீழே இறங்கிக் கிடக்கிறது. காரில் போகிறவனுக்கு அது இருப்பதே தெரியாது, அவன் சக்கரம் அந்தப் பக்கம் வருவதில்லை. சைக்கிளில் போகிறவன் அதில் இறங்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்கவேண்டியதுதான். பத்தடிக்கு முன்னால்தான் கண்ணில் பட்டது. வலது பக்கம் ஒடித்தேன். பின்னால் பிரேக் அலறியது. கார்க்காரன் கண்ணாடியை இறக்கினான்.

"யோவ், குறுக்க வர்றியே! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

பிப்ரவரியிலும் இங்கே இதே வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை. மனிதனுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வராது போலிருக்கிறது.

ஓரமாக நின்று தண்ணீர் குடித்தேன். பையில் இருந்த பிஸ்கட் இரண்டைத் தின்றேன். சர்க்கரை இறங்கியிருக்கும்.

ஜூன் 27, வியாழன்

கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். வளைவுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பதினாறு சைக்கிள் போனது. தண்ணீர் கேன் கட்டியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கீரைக்காரர். பதினாறு பேரும் அந்த இடத்தில் வலது பக்கம்தான் வந்தார்கள். ஒருவர்கூட நேராகப் போகவில்லை. போக முடியாது.

போலீஸ் எழுதியதில் இருப்பது: "சைக்கிளில் வந்த தேசம்மாள், வயது 46, எதிர்பாராத விதமாகத் திடீரெனக் குறுக்கே வந்ததால்..." அது தணிகாசலம் சொன்னது. அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஜூலை 2, செவ்வாய்

வக்கீலிடம் போனேன். அந்தச் சாக்கடை மூடியைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் மேல் தப்பில்லை, அதை எப்படியாவது எழுத முடியுமா என்று கேட்டேன்.

"அப்ப யார் மேல தப்பு? உங்க டிரைவர் மேலயா? அவருக்குத் தண்டனையைக் கூட்டணுமா? குத்தத்தை ஒத்துக்குவார், அபராதத்தோட முடிச்சுடலாம்னு நான் பாத்துட்டிருக்கேன். நீங்க ஏன் அண்ணாச்சி கலைக்கிறீங்க?"

"ஒத்துக்கிட்டா அவன் லைசென்ஸ்?"

"கொஞ்ச நாள் சஸ்பெண்ட் ஆகும். அப்புறம் கேஸ் இருக்குற டிரைவரை யார் வெப்பாங்க? நீங்கதான் வெச்சுக்கணும். வெச்சுக்குவீங்கள்ல?"

எழுந்துவிட்டேன். நாளைக்குக் கோவிலுக்குப் போவதா கடலுக்குப் போவதா என்று கேட்பதுபோல் கேட்கிறார். மாடிப்படியில் இறங்கும்போது கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளினால்.

ஜூலை 6, சனி

குடோனில் தணிகாசலத்தைத் தனியாகப் பிடித்தேன். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். எதை என்று அவன் கேட்கவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

"இன்னா அண்ணாச்சி, திடீர்னு?"

"மனசு கேக்கல."

"ஒங்களுக்கு மனசு கேக்கல. நான் அஞ்சு மாசமா வச்சிக்கினு இருக்கேனே, அத இன்னா பண்றது? இப்ப மாத்திச் சொன்னா பொய் சொன்னதுக்கு என்னைத்தான் மொதல்ல புடிப்பான். கடைல போர்டு மாட்டிக்கிறீங்க இல்ல, ஒரே பேச்சுன்னு? வாங்கறவன் அஞ்சு பைசா குறைக்கச் சொன்னாலும் அத காட்டுவீங்களே. நானும் ஒரே பேச்சு."

அந்தப் போர்டு என் கல்லாவுக்கு மேலே முப்பது வருடமாகத் தொங்குகிறது. அதை வைத்துத்தான் மார்க்கெட்டில் எனக்குப் பெயர்.

"வீட்டுல என்ன சொன்ன?" என்றேன்.

"நான் இடிச்சேன்னு சொன்னேன்."

"உன் பொண்டாட்டிகிட்டகூட உண்மையச் சொல்லலியா?"

"சொன்னா அது நிக்குமா அண்ணாச்சி? அவ அவங்கம்மாகிட்ட சொல்லுவா. தெருவுக்கே தெரிஞ்சிரும்." வளையத்தை விரலில் சுற்றினான். "பொண்ணுதான். தங்கச்சி புருஷன் பைக்க எடுத்துக்கினு காலேஜ்ல உட்டுட்டு வரேன்னேன். வேணாம்பா, பஸ்ல போறேன்னுது. ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. பயப்படுது. எம்பின்னால உக்கார."

பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

ஜூலை 9, செவ்வாய்

ஜெயக்கனி கேட்டுவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். காபி கொடுக்கும்போது.

"அஞ்சு மாசமா ஒங்க பக்கத்துல படுத்துக் கெடக்கேன். தூக்கத்துல வலது காலால மெத்தைய மிதிக்கீய. பிரேக்க மிதிக்க மாதிரி. சீட்டு வேற. எனக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்?"

இனி இந்த டைரியில் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது. எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு. கல்யாணம் ஒன்றில் மதியச் சாப்பாடு முடித்து நானும் தணிகாசலமும் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் வாங்கி மூன்று வாரம். நானே உழைத்து வாங்கிய வண்டியை நான் ஒரு நாள் ஓட்டக்கூடாதா என்று தோன்றியது. "லைசென்ஸ் இல்ல அண்ணாச்சி" என்றான் தணிகாசலம். "ஞாயித்துக்கெழமை எவன் கேக்கப்போறான்" என்று சொல்லி, சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்தேன். மரக்கடை வளைவில் அந்தப் பெண் வலது பக்கம் வந்தாள். அடித்தது. "குறுக்க வர்றியே, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா" என்று கத்திக்கொண்டே இறங்கியவன், ஓடி அவள் தலையைப் பிடித்தேன். கூட்டம் கூடுவதற்குள் தணிகாசலம் என் தோளில் கை வைத்துச் சொன்னான், "நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க அண்ணாச்சி. ஓட்னது நான்."

அவனாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. இதைத்தான் அஞ்சு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முதலாளிக்கு ஒன்று என்றால் டிரைவர் ஏற்றுக்கொள்வது எங்கள் தெருவில் எழுதாத வழக்கம். அவன் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் வாய் திறக்கும்வரை காத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தை நான் சரக்கு பேரம்போல நடத்தினேன். எதிராளி முதலில் விலை சொல்லட்டும் என்று.

"இப்பம் என்ன செய்யப் போறீய?" என்றாள் ஜெயக்கனி.

"தெரியல."

"பேசாம இருந்திருங்க" என்றாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, "பேசாம இருக்கவும் ஒங்களால முடியலியே" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

வக்கீலின் கேஸ் காகிதங்களில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு புளியந்தோப்புக்குச் சைக்கிளில் போனேன். கீழ்த்தள வீடு. வாசலில் முறுக்கிக்கொண்ட முன்சக்கரத்தோடு ஒரு லேடீஸ் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை நிறுத்தக் கூசியது. தள்ளி நிறுத்தினேன்.

தேசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை ஸ்டூலில் நீட்டி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவள் என்று அந்தக் காகிதங்களில் படித்திருக்கிறேன்.

"யாருண்ணே?"

"பாரிமுனையில வாளிக் கடை..." என்று ஆரம்பித்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேண்ட்டு போட்டுக்கினா தெரியாதா? அன்னிக்கு வேஷ்டி."

செருப்பை வாசலோரம் கழற்றி வைத்தேன்.

"நீதான ஓட்ன? ஸ்டீரிங் பக்கத்துக் கதவத் தொறந்துக்கினு குள்ளமா வேஷ்டி கட்னவரு எறங்கினாருன்னு சொன்னேன். அடிபட்ட மயக்கம்மா, சும்மா இருன்னாங்க. எங்க வூட்டுக்காரரே நம்பல. அந்த நெட்டைக்காரரு நாந்தான்னு சொல்றாரே, நீ இன்னா கண்டன்னாரு."

"ஆமா. நான்தான்."

வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். "அந்த நெட்டைக்காரரு மூணு வாட்டி வந்தாரு. கொய்யாப்பழம் வாங்கினு. ஒண்ணும் பேசமாட்டாரு. இந்தா, இங்கதான் உக்காருவாரு. போய்டுவாரு. நீ எதுக்கு வந்த? துட்டு குடுக்கவா?"

"இல்ல."

"பின்ன?"

நானும் இப்போது சைக்கிளில்தான் போகிறேன், அந்த மூடியைப் பார்த்தேன் என்றேன். வெங்காயம் உரித்த கை நின்றது. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"பாத்தியா? பதினாறு வருஷமா அந்த வளைவுல போறேன். மூடி எறங்கி ரெண்டு வருஷம். கைய நீட்டாம நான் திரும்பனதே கெடியாது. திரும்பிப் பாத்துட்டு, கைய நீட்டிட்டு, அப்புறந்தான் வருவேன். குறுக்க வந்தாளாம்! ஹாஸ்டல்ல வார்டன் அம்மா சொல்லுது, நீ ஒயுங்கா போயிருந்தா உனக்கு இது தேவையாடின்னு. எம்புள்ளைங்களே சொல்லுதுங்க. கால் போனதுகூட பரவால்ல, நடந்துப்பேன். நீ ஜெயிலுக்குப் போ, போவாத. எனக்கு இன்னா. நான் குறுக்க வரல, கை காட்னேன்னு ஒருத்தன் சொல்லணும். பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

அப்போது வாயில் வந்துவிட்டது. இந்த டைரியில்கூட எழுதாதது.

"நான் பாக்கல. போன் அடிச்சது. யாருன்னு பாத்தேன்."

பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது. அது முடியும்வரை அவள் வெங்காயத்தை உரித்தாள்.

"அப்ப அதையே சொல்லு" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

போன் செய்தவன் வாளிக் கம்பெனிக்காரன். புது நிறத்தில் மூடிபோட்ட வாளி வந்திருக்கிறது என்று சொல்ல.

ஜூலை 18, வியாழன்

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டத்தட்டக் கத்தினார். "லைசென்ஸ் இல்லாம ஓட்டினது ஒண்ணு, போன் ஒண்ணு, ஆள் மாத்தினது ஒண்ணு. உங்க டிரைவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க, இன்சூரன்ஸ்காரனும் கையை விரிப்பான். இப்ப ஒரே ஆளோட போறதை ஏன் ரெண்டு பேராக்குறீங்க?"

அவர் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவன் மேல் ஏறித்தான் போகவேண்டும். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் கார். சைக்கிளில் அதற்கு ஒரு வழி கற்றிருக்கிறேன். வேகத்தைக் குறை, திரும்பிப் பார், கையை நீட்டு, பிறகு வா. பின்னால் வருகிறவன் நிறுத்துவானா என்பது அவன் கையில். ஆனால் கையை நீட்டாமல் வரக்கூடாது.

இரவு எதுவும் சாப்பிடவில்லை. டாக்டர் திட்டுவார்.

ஜூலை 23, செவ்வாய்

பொழுது சாய்வதற்கு முன்னால் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாவது முறை. முதல் முறை அவன் பெண் யாமினி பிறந்தபோது. அவன் மனைவி குமுதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். யாமினி உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் என் முகத்தைப் பார்த்ததுமே, "வேணாம் அண்ணாச்சி" என்றான்.

நான் குமுதாவிடம் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போனதுபோல் நாலே வாக்கியம். வண்டி ஓட்டியது நான். போனைப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் என்னைக் காப்பாற்றினார். நாளைக்குக் கோர்ட்டில் நான் சொல்லப்போகிறேன்.

குமுதா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. என் மேல் இல்லை, அவன் மேல். "அஞ்சு மாசமா எங்கிட்ட..." என்றாள்.

யாமினி கதவருகே வந்து நின்றிருந்தாள். "அப்ப எங்கப்பா இடிக்கலியா?"

"இல்லம்மா."

தணிகாசலம் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான். திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. யாமினி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நீங்க எங்க அப்பாவ வேலைய விட்டு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

அனுப்பமாட்டேன் என்றேன். அதைக் கேட்கவேண்டிய நிலையில் அந்தப் பெண்ணை நான் வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

காலை ஏழரைக்குச் சைக்கிளை எடுத்தேன். வேட்டி கட்டிக்கொண்டேன். செயினில் மாட்டினால் மாட்டட்டும். ஜெயக்கனி வாசல்வரை வந்தாள். "தண்ணி வச்சிருக்கீயளா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருமுனையில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முகம் கொடுக்கவில்லை.

"ஆட்டோல போலாம்னு பாத்தேன்" என்றான். தெருவைப் பார்த்துக்கொண்டே, "ஒரு ஆட்டோவும் நிக்கல" என்றான். நாலு ஆட்டோ காலியாக நின்றுகொண்டிருந்தது.

"ஏறு."

"நான் ஓட்றேன். நீங்க பின்னால உக்காருங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு மூச்சு வாங்கும்."

கையை ஹேண்டில்பாரில் வைத்துவிட்டான். அன்று தோளில் வைத்த அதே கை. நான் அதை எடுத்து விலக்கினேன்.

"வேண்டாம் தணிகாசலம். நான் ஓட்டுதேன்."

ஆறடி ஆள் கேரியரில் உட்கார்ந்தால் கால் இரண்டும் தரையில் உரசும். முழங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு வந்தான். ஓட்டேரியில் ஒரு காய்கறி வண்டிக்காரர், "கொழந்தய பத்திரமா கூட்டினு போ நைனா!" என்று கத்தினார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

மரக்கடை வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தேன். வலது கையை நீட்டினேன். பின்னால் தணிகாசலமும் அவனுடைய நீளமான கையை நீட்டினான். ஒரு வேன் ஹாரன் அடித்தது, ஆனால் நின்றது. பள்ளத்தைத் தாண்டினோம்.

கோர்ட்டில் பெரிய விஷயம் போல ஒன்றும் நடக்கவில்லை. மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தணிகாசலத்தின் பெயரைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். இந்த முறை காத்துக்கொண்டு நிற்கவில்லை.

"ஐயா, வண்டியை ஓட்டினது நான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினேன். போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அந்த அம்மா குறுக்கே வரவில்லை. அங்கே எல்லா சைக்கிளும் அப்படித்தான் வரவேண்டும். அவங்க கை காட்டினதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இடித்திருக்கமாட்டேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்றார். சொன்னேன். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லி, மறுபடி விசாரிக்கச் சொல்லி, ஆகஸ்ட் 21க்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். தணிகாசலத்தின் மேல் தனியாக வழக்கு வரலாம் என்றார் வக்கீல். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பழைய கூண்டிலிருந்து வேறு கூண்டுக்கு வந்திருக்கிறோம். இதில் இரண்டு பேர் நிற்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பும்போது புளியந்தோப்பு வழியாக வந்தோம். தேசம்மாளிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அப்புறம் உள்ளே திரும்பி, "யோவ், இங்க வா. இவரு சொல்றத கேளு" என்று புருஷனைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை சொன்னேன்.

கடைக்குப் போகவில்லை. இருவரும் வீட்டுக்கு வந்தோம். சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தணிகாசலம் கார் பக்கம் நடந்து போய் உறையை எடுத்தான்.

"சாவி குடுங்க அண்ணாச்சி."

"எங்க போற? ஒனக்கும் லைசென்ஸ் இல்ல, எனக்கும் இல்ல."

"எங்கயும் போவல."

கொடுத்தேன். கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு இழுத்தான். 'டக்' என்று ஒரு சத்தம். சீட்டு பின்னால் போனது. முழுதாகப் பின்னால். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். ஸ்டீரிங்கில் கை வைத்தான். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பிக்கொண்டான்.

இறங்கும்போது, இத்தனை நாள் விரலில் சுற்றிய அந்த வளையத்தில் சாவியைக் கோத்து என்னிடம் கொடுத்தான்.